பித்தவெடிப்புக் களிம்பு இனி உருகாது

தேங்காய் எண்ணெய், மஞ்சள்தூள், தேன்மெழுகு போட்டுக் காய்ச்சிய களிம்பு காலையில் கெட்டியாக இருக்கும். மதிய வெயிலுக்கு டப்பாவில் எண்ணெயாக நிற்கும், அடியில் மஞ்சள் மண்டி. ஃபிரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும், வெளியே எடுத்தால் பழைய கதைதான். மெழுகை அள்ளிப் போட்டால் குதிகாலில் பரவவில்லை.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகும். தேன்மெழுகுக்கு 62 டிகிரியாவது வேண்டும். கண்ணளவை விட்டு எடைபோட்டேன்: 80 கிராம் எண்ணெய், 20 கிராம் மெழுகு. மஞ்சள்தூள் எண்ணெயில் முழுதாகக் கரையாது, அதன் சாரம்தான் இறங்கும். சூடான எண்ணெயில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டினேன். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உடனே உறைந்தது, விரலால் தேய்த்ததும் இளகியது. அப்பாடா!

கால் கழுவித் துடைத்த கையோடு, லேசான ஈரத்திலேயே தடவுங்கள். களிம்பு அந்த ஈரத்தைத்தான் காக்கிறது.