பாலிஷ் போடும் முன் குடத்தைப் பாருங்கள்: டார்பிடோ புரொப்பல்லர் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக் கடற்கரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஆனாலும் ஓசூர் பக்கத்துக் காயலான் கடைகளைத் தொடர்ந்து சுற்றினால் கப்பல் சாமான் ஏதாவது கண்ணில் படாமல் போகாது. பித்தளை எங்கே கழித்துக்கட்டப்பட்டாலும் பட்டறை இருக்கிற ஊருக்குத்தானே வந்து சேர வேண்டும்? அப்படி ஒரு கடையில் எடைக்கு வாங்கிய நான்கு இறக்கை புரொப்பல்லர்தான், கடலுக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதமான டார்பிடோவினுடையது என்று நினைத்த, என் முதல் 'டார்பிடோ'. விற்றவர் அப்படிச் சொன்னார், நானும் நம்பினேன்.

வாங்கிய அன்றே அதை பஃபிங் போடக் கொடுத்தேன். இந்தச் சமாச்சாரத்தில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. கார்த்திகைக்குத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி வந்தது. ஒரு மாதம் கழித்து, வாங்கும்போது கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த லேத் கடைப் பெரியவர், நடுக்குடத்தில் மங்கலாகத் தெரிந்த பஞ்ச் எழுத்தைக் காட்டினார். '18 X 12 ஆர்ஹெச்' என்று இருந்தது. "தம்பி, பதினெட்டு இன்ச் விட்டம், பன்னிரண்டு இன்ச் பிட்ச், வலது சுற்று. இது மோட்டார் படகோடது" என்றார். (பிட்ச் என்பது ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் திருகாணி மாதிரி முன்னேற வேண்டிய தூரம்.) பஃபிங் சக்கரம் சுத்தமாக வழித்தெடுத்தது அந்த ஒரு வரியைத்தான்.

(குடம் என்று நான் சொல்வது மாட்டுவண்டிச் சக்கரத்துக்குச் சொல்கிற அதே குடம்தான். இறக்கைகள் முளைக்கிற நடுப்பகுதி.)

ஆகவே சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். ஆசிட், புளி, கிரைண்டர் எதுவும் வேண்டாம். காய்ந்த பிறகு கொஞ்சம் விபூதியைத் தடவித் துடைத்தால் பள்ளமான எழுத்துகளில் மட்டும் வெள்ளை தங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, குடத்தின் முகப்பு, இறக்கையின் அடி, துளையின் விளிம்பு மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் இறக்கையின் அழகில் மயங்குகிறோம், ஆனால் உண்மையைச் சொல்வது குடத்தில் உள்ள துளை. ராபர்ட் வைட்ஹெட் 1866-இல் ஃபியூம் நகரில், அதாவது இன்றைய குரோஷியாவின் ரியேகாவில், முதல் டார்பிடோவைச் செய்தபோது அதற்கு ஒற்றைப் புரொப்பல்லர்தான். ஒன்று மட்டும் சுற்றினால் அதன் எதிர்விசையில் டார்பிடோவே எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். அதனால் பின்னால் வந்தவற்றில் ஒரே அச்சில் இரண்டு புரொப்பல்லர், ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றும்படி வைத்தார்கள். வெளித்தண்டு முன்புரொப்பல்லரைச் சுற்றும். அதற்குள் நுழைந்து வரும் உள்தண்டு பின்புரொப்பல்லரைச் சுற்றும். எரிபொருளை எரித்து ஓடும் பழைய வகைகளில் புகை வெளியேறியதும் அந்த உள்தண்டின் குழல் வழியாகத்தான். ஆக, ஜோடியில் முன்னதன் துளை பெரிது, பின்னதன் துளை சிறிது. படகுப் புரொப்பல்லர் கெட்டியான தண்டில் மாட்டுவது. குடத்தின் பருமனோடு ஒப்பிட்டால் துளை குறுகலாக, கூம்பாக, கீவேயோடு (தண்டோடு பூட்டும் ஆப்பு உட்காரும் பள்ளம்) இருக்கும்.

இதிலும் ஏமாறலாம். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் புரொப்பல்லருக்கும் குடம் அகலம், புகையும் நடுவழியாகவே போகும். ஆனால் உள்ளே ரப்பர் புஷ் இருக்கும், உலோகம் பெரும்பாலும் அலுமினியம். எதிரெதிர்ச் சுற்று ஜோடி கிடைத்தாலும் உடனே துள்ள வேண்டாம். வால்வோ பென்டா 1982 முதல் படகுகளுக்கே அப்படி ஜோடி போட்டு விற்கிறது.

சுற்றுத் திசையைக் கண்டுபிடிப்பது எளிது. தரையில் படுக்க வைத்து, உங்களுக்கு நேரே இருக்கும் இறக்கையைப் பக்கவாட்டில் பாருங்கள். வலது விளிம்பு உயர்ந்திருந்தால் வலப்புரி, இடது விளிம்பு உயர்ந்திருந்தால் இடப்புரி. திருகாணியின் மரை மாதிரி, கவிழ்த்துப் போட்டாலும் இது மாறாது. இரண்டும் வலப்புரியாக இருந்து 'ஜோடி' என்று விலை சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. 21 அங்குல டார்பிடோ என்றால் 21 அங்குலம், அதாவது 533 மில்லிமீட்டர், உடலின் விட்டம். ஏவும் குழாய்க்குள் நுழைய வேண்டும் என்பதால் புரொப்பல்லர் அந்த அளவைத் தாண்ட முடியாது. '18 அங்குலம்' என்று அழைக்கப்பட்டதன் உண்மை அளவு 450 மில்லிமீட்டர். ஜப்பானின் டைப் 93 போன்ற பெரியவை 610 மில்லிமீட்டர். இரண்டரை அடி விட்டத்தில் 'டார்பிடோ புரொப்பல்லர்' என்று ஒன்றைக் காட்டினால், அது கலக்கும் தொட்டியிலிருந்தோ கூலிங் டவரிலிருந்தோ கழற்றியதாக இருக்கும்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் வெண்கலம் என்று முடிவு கட்டுவதும் வழக்கம். 'மாங்கனீஸ் வெண்கலம்' என்று பெயர் பெற்றதே உண்மையில் துத்தநாகம் நிறைந்த பித்தளை வகைதான். தண்ணீரில் மூழ்கவிட்டும் எடை போட்டுப் பாருங்கள். வெளியே 4.2 கிலோ, கயிற்றில் கட்டி முழுக்க மூழ்கவிட்டால் 3.7 கிலோ என்றால் குறைந்திருப்பது அரை கிலோ. 4.2-ஐ 0.5-ஆல் வகுத்தால் 8.4, அதாவது தண்ணீரைப் போல 8.4 மடங்கு கனம், அது பித்தளைக் குடும்பம். நிக்கல் அலுமினிய வெண்கலம் 7.6 பக்கம் வரும், அலுமினியம் 2.7. பித்தளையில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் 'செம்பு கலந்தது' என்று விலை ஏற்றுவார்கள். துத்தநாகம் அரித்துப் போன இடம் அது, உள்ளே பஞ்சு மாதிரி ஆகியிருக்கும்.

அப்புறம் கதை. நம் ஊரில் கடற்படைச் சாமான் என்றாலே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்துவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைக்கு வந்தது உண்மைதான். அன்று எண்ணெய்த் தொட்டிகள் மீது விழுந்தவை பீரங்கிக் குண்டுகள். டார்பிடோவை அது அக்டோபர் 28 அன்று பினாங்கில் ருஷ்யக் கப்பல் ஷெம்சுக் மீது விட்டது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் அதன் கதை முடிந்தது. சண்டையில் வெடித்த டார்பிடோவின் வால் காயலான் கடைக்கு வருவது அபூர்வம். பயிற்சிக்கு விட்டு மீட்டெடுத்து, கடைசியில் கழித்துக்கட்டியவைதான் வரும். அம்புக்குறி முத்திரை இருப்பதாலும் கடற்படை என்றாகிவிடாது. பிரிட்டிஷ் அரசு தன் சொத்தான சுத்தியலில்கூட அதை அடித்தது.

வாலோடு சேர்ந்து கிடைத்தால் நீங்களே வெட்டிப் பிரிக்காதீர்கள். 2004-இல் காசியாபாத் பக்கம் ஓர் உருக்காலையில், இறக்குமதிப் பழைய இரும்போடு வந்த குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். விலகி நின்று போலீசுக்குச் சொல்வதுதான் சரி.

சட்டத்தை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'அம்யூனிஷன்' என்பதை விளக்கும்போது, டார்பிடோ பயன்பாட்டுக்கென வடிவமைத்த பொருள்களையும் அதில் சேர்த்திருக்கிறது. வெறும் இறக்கைதானே என்று நாமே முடிவு செய்துகொள்ளாமல் வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், எடைச் சீட்டாக இருந்தாலும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நூறு வயது தாண்டிய துண்டு என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும், வெளிநாட்டு நண்பருக்குப் பார்சல் போட முடியாது. என் '18 X 12'-க்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. காற்றில் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டு வாசலில் கிடக்கிறது.