மாந்தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர்? ஈரச் சென்சர் வைத்து அளக்கும் முறை

போனிலிருந்து மோட்டரைப் போட்டு நிறுத்தும் சிம் பெட்டியைத்தான் பலர் முதலில் வாங்குகிறார்கள். அதைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் வேண்டியது தண்ணீர் மீற்றரும் 130 மைக்ரோன் டிஸ்க் வடிகட்டியும். பிறகுதான் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சர். எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியாத தோட்டத்தில் சிம் பெட்டி பழைய பிழையையே நேரம் தவறாமல் செய்துகொண்டிருக்கும்.

கணக்கை மரத்தின் விரிவிலிருந்து தொடங்குங்கள். கிளைவிரிவின் விட்டம் 4 மீற்றர் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர மீற்றர். வரண்ட காலத்தில் ஆவியாகும் அளவை நாளுக்கு 5 மி.மீ. என்றும் மாமரத்துக்கான காரணியை (அந்த அளவில் மரத்துக்கு வேண்டிய பங்கு) 0.8 என்றும் எடுத்தால், ஒரு மரத்துக்கு நாளுக்கு 12.5 × 5 × 0.8 = 50 லீற்றர். சொட்டுநீர்க் குழாயில் மணிக்கு 8 லீற்றர் விடும் சொட்டிகள் மரத்துக்கு 4 இருந்தால் ஏறக்குறைய 95 நிமிடம் ஓட வேண்டும். கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் 5 ஐ 6 ஆக்குங்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணலில் இந்த அளவைக் காலையும் மாலையுமாகப் பிரித்து விடவேண்டும். ஒரேயடியாக விட்டால் வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் களி கலந்த மண் இரண்டு நாளுக்கான தண்ணீரை ஒரே தடவையில் தாங்கும்.

இது தொடக்கக் கணக்குத்தான். திருத்துவது சென்சரின் வேலை.

நடுத்தர வளர்ச்சியுள்ள ஒரு மரத்தைத் தெரிவுசெய்யுங்கள். வேலியோர மரம் வேண்டாம். சொட்டியிலிருந்து 15 - 20 செ.மீ. தள்ளி, 25 செ.மீ. ஆழத்தில் ஒன்றும் 60 செ.மீ. ஆழத்தில் ஒன்றுமாக இரண்டு சென்சர்களை இறக்குங்கள். தோண்டிய மண்ணையே கூழாகக் கரைத்துக் குழிக்குள் ஊற்றி, அதில் சென்சரை அழுத்த வேண்டும். சுற்றிலும் காற்றிடைவெளி இருந்தால் மண் ஈரமாக இருக்கும்போதும் காய்ந்ததாகவே காட்டும்.

சென்சரின் போன் செயலி காட்டும் சதவீதத்தை அப்படியே எடுக்க வேண்டாம். மண்ணை நன்றாக நனைத்துப் பொலித்தீனால் மூடுங்கள். மணலென்றால் ஒரு நாள், களி மண்ணென்றால் இரண்டு நாள் கழித்து வரும் எண்தான் உங்கள் மண்ணின் மேல் எல்லை. கீழ் எல்லையைக் காய் இல்லாத காலத்தில் பாருங்கள். தண்ணீரை நிறுத்தினால் 25 செ.மீ. சென்சர் பகலில் இறங்கி இரவில் நின்று படிப்படியாகக் குறையும். வெயில் அதே அளவில் இருந்தும் பகல் இறக்கம் சிறுத்துப்போனால், வேர் தண்ணீர் எடுக்கத் திணறுகிறது. அந்த எண்ணுக்குச் சற்று மேலே மோட்டர் தொடங்கும்படி அமையுங்கள். ஒவ்வொரு முறை விட்டதும் 60 செ.மீ. சென்சர் ஏறினால் நேரத்தைக் குறையுங்கள்.

மா பூ எடுப்பதற்கு முன் வரண்ட இடைவெளி வேண்டும். அப்போது தானியங்கி முறையை நிறுத்திவைத்து, காய் பட்டாணி அளவானதும் மீண்டும் தொடங்குங்கள்.

வாவிக்கும் கடலுக்கும் அருகிலுள்ள கிணறுகளில் உப்பையும் பார்க்க வேண்டும். உப்பு ஏறினால் கொள்ளளவு வகைச் (மண்ணின் மின் கொள்ளளவை வைத்து ஈரத்தைக் கணிக்கும்) சென்சர் காய்ந்த மண்ணையும் ஈரமாகக் காட்டும். மின்கடத்துதிறன் மானியால் வாரம் ஒருமுறை அளவுங்கள். 0.7 டெசிசீமன் / மீற்றருக்கு மேல் கவனம் தேவை. 3 ஐத் தாண்டினால் மாவுக்கும் தேசிக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. கிணற்றை நீண்ட நேரம் தொடர்ந்து இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலெழும். அதனால் மோட்டரைச் சிறு சிறு தவணைகளாக ஓட்டுங்கள். இறைத்த தண்ணீர் சற்று நேரத்தில் பழுப்பானால் அதில் இரும்பு உண்டு. தொட்டியில் தெளியவிடாவிட்டால் சொட்டிகள் அடைத்துவிடும்.

3 மீற்றர் உயரத் தொட்டியின் அழுத்தம் 0.3 பார் மட்டுமே. மின்காந்தத்தால் திறக்கும் சாதாரண சொலினொயிட் வால்வுகள் பல அதில் சரியாகத் திறக்காது. மோட்டர் பொருத்திய பந்து வால்வை வாங்குங்கள். சிம் பெட்டியோடு, கிணறு வற்றினால் மோட்டரை நிறுத்தும் பாதுகாப்பும் கட்டாயம் இருக்கட்டும். ஒக்டோபரில் இடிமழை தொடங்கியதும் பெட்டியின் மின் இணைப்பையும் நீண்ட சென்சர் வயர்களையும் கழற்றிவையுங்கள்.