பூனை சினையானது முதல் குட்டிகள் பால்குடி மறக்கும் வரை

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள். அதுவரை பூனையைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறோம். ஈன்றதும் நம் கண் முழுக்கக் குட்டிகள் மீது போய்விடுகிறது. தாயின் உடல் மிகவும் கரைவதோ பாலூட்டும் வாரங்களில்தான். இந்த விளக்கத்தில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: உறுதி செய்யுங்கள்

மூன்றாவது வாரத்தில் காம்புகள் இளஞ்சிவப்பாகிப் புடைக்கும். நான்காவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். 45 நாட்களுக்குப் பிறகு எக்ஸ்ரேயில் குட்டிகளை எண்ணலாம். ஈனும் நாளில் உள்ளே இன்னும் குட்டி இருக்கிறதா என்ற தவிப்பு அதனால் குறையும். நீங்களே வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

படி 2: மருந்தைத் தொடுமுன் கேளுங்கள்

தடுப்பூசியோ குடற்புழு மருந்தோ, பூனை சினையாக இருப்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொன்ன பிறகே. பாராசிட்டமாலும், பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தும் எந்தப் பூனையின் உயிரையும் பறிக்கக்கூடியவை. கால்சியம் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சினைக்காலத்தில் அது மிகுந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் உடலின் பழக்கம் மந்தமாகி, பால் சுரக்கும்போது தட்டுப்பாடு வரும்.

படி 3: உணவை மாற்றுங்கள்

பாலும் சோறும் போதவே போதாது. பூனை இறைச்சி உண்ணும் பிராணி. பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் உணவில் புரதமும் ஆற்றலும் கூடுதல் என்பதால் சினைப்பூனைக்கும் அதுவே ஏற்றது. உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் முள் நீக்கிய மீனும் இடையிடையே தரலாம். குழம்பு மீன் கூடாது: வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கடைசி வாரங்களில் வயிற்றில் இடமிருக்காது. சிறிது சிறிதாகப் பலமுறை வையுங்கள்.

படி 4: ஈனும் நாள்

ஆள் நடமாட்டமில்லாத மூலையில் அட்டைப்பெட்டி, அதில் பழைய பருத்திப் புடவை. அது போதும். தள்ளி நின்று பாருங்கள். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், அல்லது துர்நாற்றமுள்ள கசிவு இருந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

படி 5: பாலூட்டும் வாரங்கள்

தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேலும் உணவு தேவைப்படும். அளந்து போடாதீர்கள், கிண்ணம் காலியாகவே இருக்கக் கூடாது. குட்டிகளை விட்டு நகரத் தயங்குவாள். ஆகவே உணவும் தண்ணீரும் பெட்டிக்கு அருகிலேயே இருக்கட்டும்.

நாள்தோறும் மடியைத் தடவிப் பாருங்கள். ஒரு காம்பைச் சுற்றி மட்டும் சிவந்து, சூடாகி, கல்போல் இறுகியிருந்தால் அது மடிவீக்கம். கால்கள் விறைத்து, உடல் நடுங்கி, மூச்சிரைத்தால் இரத்தத்தில் கால்சியம் சரிந்திருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நள்ளிரவானாலும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

தாய்க்குப் பால் போதுமா என்பதைக் குட்டிகளின் எடை சொல்லும். பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி, நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். சமையலறைத் தராசே போதும். எடை ஏறாத குட்டிக்குப் பசும்பால் ஊற்றாதீர்கள், வயிற்றுப்போக்கில் முடியும். பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர் கடைகளில் கிடைக்கிறது.

நான்காவது வாரம் முதல் குட்டிகளுக்கு ஊறவைத்த உணவைப் பழக்கலாம். பாலூட்டும்போதே தாய் மீண்டும் சினையாகக்கூடும் என்பதால் அவளை வெளியே விடாதீர்கள். குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும், கருத்தடை அறுவைக்கு நாள் கேட்டு வாருங்கள்.