க்ளோவர் லீஃப் கவுனை வாட்டர்கலரில் வரைவது எப்படி?

ஆடை வடிவமைப்பாளர் சார்லஸ் ஜேம்ஸ் 1953-இல் பத்திரிகையாளர் ஆஸ்டின் ஹேர்ஸ்டுக்காக நியூயார்க்கில் உருவாக்கிய விருந்து கவுன் இது. மேலே தந்த நிறச் சாட்டின், நடுவில் கறுப்பு வெல்வெட், கீழே ஃபெய்ல் பட்டு (மெல்லிய வரிகள் ஓடும் கெட்டிப் பட்டு). மேலிருந்து பார்த்தால் பாவாடை க்ளோவர் செடியின் இலைபோல நான்கு இதழ் விரித்து நிற்கும். எடை ஏறக்குறைய 4.5 கிலோ. மூன்று துணி, இரண்டே நிறம் என்பதால், புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் (கெட்டியான) வாட்டர்கலர் தாள், எச்பி பென்சில், 2 மற்றும் 8-ஆம் எண் பிரஷ், அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா. கறுப்பு ட்யூப் வேண்டாம். இந்த இரண்டையும் கெட்டியாகக் கலந்தாலே உயிருள்ள கறுப்பு கிடைக்கும், நீர் கூட்டினால் சாம்பல் நிறம்.

1. ஃபேஷன் உருவம் ஒன்பது தலை உயரம், அதாவது தலையின் நீளத்தைப் போல ஒன்பது மடங்கு. மேலிருந்து மூன்றாவது தலை முடியும் இடத்தில் இடுப்பு. பென்சிலை அழுத்தாமல் போடுங்கள். பாவாடையின் கீழ் விளிம்பை நேர்கோடாக இழுக்காதீர்கள். இதழ்கள் முன்னும் பின்னுமாக வளைவதால் அது அலை அலையாகத்தான் போகும்.

2. சாட்டினுக்குத் தாளின் வெள்ளையே நிறம். மடிப்பின் உட்பக்கம் மட்டும் வெளிர்சாம்பல் தீட்டுங்கள். சாட்டினில் வெளிச்சமும் நிழலும் ஒட்டி ஒட்டி நிற்கும். அதனால் நிழலின் ஒரு ஓரத்தைக் கூர்மையாக விட்டு, மறு ஓரத்தை மட்டும் ஈரப் பிரஷால் கரைத்து விடுங்கள். எல்லா மடிப்புக்கும் நிழல் போட ஆசை வரும், நான்கைந்தோடு நிறுத்துங்கள். வெள்ளை எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு பளபளப்பு.

3. ஃபெய்ல் அவ்வளவு மின்னாது. அகலமான, மென்மையான நிழல் போதும்.

4. எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் வெல்வெட். ஈரம் இருந்தால் கறுப்பு வெள்ளைக்குள் ஓடிவிடும். முதலில் வெல்வெட் பகுதி முழுக்க நடுத்தரச் சாம்பலைப் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் கெட்டிக் கறுப்பு. இங்கே கவனம் வேண்டும்: வெல்வெட்டின் இழைகள் நிமிர்ந்து நிற்பதால், நம்மை நேராகப் பார்க்கும் பகுதி இருண்டும், வளைந்து திரும்பும் ஓரம் வெளுத்தும் தெரியும். ஆகவே மடிப்பின் ஓரத்தில் மெல்லிய சாம்பல் கீற்றை விட்டு, நடுவை மட்டும் கறுப்பாக்குங்கள். சாட்டினுக்கு நேர் எதிர்!

5. முகத்துக்கு இரண்டு புருவம், உதட்டில் பர்ன்ட் சியன்னாவால் ஒரு பொட்டு போதும். அந்தக் கால வடிவமைப்பாளர்கள் செய்ததுபோல, தாளின் மூலையில் சாட்டின், வெல்வெட் துண்டுகளைக் குண்டூசியால் குத்தி வையுங்கள்.