மண் ஏற்றும் முன் ஒரு பழைய ஃப்ளெக்ஸ்

தோட்டத்துக்குச் செம்மண்ணோ எம் சாண்டோ பிக்கப்பில் எடுத்து வருகிறீர்களா? முதலில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று தேடுங்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று நம் கொங்குப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. வண்டித் தொட்டியில் விரித்து, ஓரங்களை வெளியே மடித்து விடுங்கள். பெயின்ட் உரியாது, பின்கதவு இடுக்கில் மணல் ஒழுகாது. ஜல்லி என்றால் ஃப்ளெக்ஸ் மட்டும் தாங்காது. அடியில் ரப்பர் மேட்டும் வேண்டும்.

ஜேசிபிக்காரரிடம் பக்கெட்டைத் தாழ்த்திக் கொட்டச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் ஒருமுறை உயரத்திலிருந்து ஜல்லியைக் கொட்டியதில் தகரம் இன்றும் வடைச்சட்டி மாதிரி குழிந்து கிடக்கிறது.

அப்புறம் எடை. ஒரு கன அடி மணல் சுமார் 45 கிலோ. நனைந்தால் இன்னும் கூடும். ஒன்றரை டன் தாங்கும் வண்டிக்கு 30 கன அடிதான் உச்சம். தொட்டி பாதிகூட நிரம்பாது. "இன்னும் எடம் இருக்குதுங்களே" என்பார் ஏற்றுபவர். "போதுங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். வண்டியின் ஸ்பிரிங் பட்டை உடைந்தால் செலவு நமக்குத்தான். குவியல் பின்கதவுப் பக்கம் சாயாமல், பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும்.

பொள்ளாச்சியில் தென்னை நார்க்கழிவு ஏற்றினால் பிரச்சினை நேர்மாறு. எடையே இருக்காது, ஆனால் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாதியைப் பின்னால் பைக்கில் வருபவர் கண்ணில் கொட்டிவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்து, படுதா போட்டு, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். இரண்டு கிலோமீட்டர் போனதும் இறங்கி முடிச்சை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குலுங்கலில் கட்டாயம் தளர்ந்திருக்கும்.