கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து ஒரு டைம்ஷேர்: பெயர், முறை, பணம், பத்திரம்

டைம்ஷேர் என்பது வீடும் இல்லை, மனையும் இல்லை. ரிசார்ட் நடத்தும் கம்பெனிக்குப் பணம் கட்டி, வருஷத்துக்குச் சில நாள் அங்கே தங்க வாங்கும் உரிமை. தண்டையார்பேட்டையில் அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம், பட்டா மாற்றலாம், பாகப்பிரிவினை எழுதலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வருஷத்துக்கு ஏழு நாள் தங்கும் உரிமைக்கு இதெல்லாம் கிடையாது. நம் ஊரில் விற்கும் திட்டங்களில் பெரும்பாலானவை குறிப்பிட்ட வருஷங்களுக்கு, பல திட்டங்களில் 25 வருஷத்துக்கு, தங்கிக்கொள்ளும் உரிமையை மட்டும் தருகிறவை. கம்பெனியின் கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் மெம்பர். மூன்று பேர் சமமாகப் பணம் போட்டிருந்தாலும் மற்ற இரண்டு பேரைக் கம்பெனிக்குத் தெரியாது.

அதனால் குடும்பத்தின் பங்கு, முறை, கணக்கு எல்லாவற்றையும் கம்பெனிப் பத்திரத்துக்கு வெளியே நீங்களேதான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதாத வீடுகளில் சண்டை வருவது பெரும்பாலும் இரண்டு விஷயத்துக்காகத்தான்: மே மாதம் யாருக்கு, ரிசார்ட் பராமரிப்புக்காக வருஷாவருஷம் கட்டும் கட்டணத்தை இந்த முறை யார் கட்டவில்லை.

பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள்

புதிதாக வாங்குவதானாலும் அப்பா வாங்கி வைத்ததைப் பகிர்வதானாலும் முதல் வேலை ஒப்பந்தத்தை முழுசாகப் படிப்பது. விளம்பரத் தாளில் இருப்பது கணக்கில் வராது.

எந்த சீசன் என்று பாருங்கள். ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் வைத்துப் பிரித்திருப்பார்கள். கூட்டம் குறைந்த நிறத்தை மலிவாக வாங்கிவிட்டு மே மாதம் ரூம் கேட்டால் கிடைக்காது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்த மலிவு வீண். அடுத்து ரூம் அளவு. ஸ்டூடியோ என்றால் சின்னக் குடும்பம், ஒரு பெட்ரூம் என்றால் ஏறக்குறைய நாலு பெரியவர்கள். எத்தனை பேர், எந்த வயதுக்கு மேல் பெரியவர் கணக்கு என்பது பத்திரத்திலேயே இருக்கும். மூன்று குடும்பமும் ஒரே நேரத்தில் ஒரே ரூமில் தங்குவதாக யாராவது கனவு கண்டால் இங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

மெம்பர் கூட வராமல் தம்பி குடும்பம் மட்டும் போகலாமா, அதற்கு விருந்தினர் கட்டணம் உண்டா என்று பாருங்கள். பகிர்ந்து வைத்துக்கொள்கிறவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. சில திட்டங்களில் பெற்றோர், பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமலும் கூடப்பிறந்தவர்களுக்குக் கட்டணத்தோடும் இருக்கும். போகாத வருஷத்து நாட்கள் அடுத்த வருஷத்துக்குச் சேருமா, எத்தனை வருஷம் வரை சேரும், ஏழு நாளை மூன்றும் நாலுமாக உடைக்கலாமா, பெயர் மாற்ற எவ்வளவு கட்டணம் என்பதையும் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். புதிதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் சில நாட்களுக்குள் ரத்து செய்யும் வசதி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். அந்த நாள் கடந்தால் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

கணக்கு

உதாரணத்துக்கு மெம்பர்ஷிப் 4,50,000 ரூபாய், 25 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 18,000 ஆகிறது. வருடாந்தரக் கட்டணம் 24,000, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 4,320, சேர்த்து 28,320. மொத்தம் 46,320. ஏழு ராத்திரிக்கு வகுத்தால் ஒரு ராத்திரி 6,617 ரூபாய். சாப்பாடு இதில் இல்லை. தவணையில் வாங்கினால் வட்டி தனி. அதே ஊரில், அதே சீசனில், அதே தரத்து ரூம் இதைவிடக் குறைவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் முதல் போட்டதை மறந்துவிட்டு 28,320-ஐ மட்டும் ஏழால் வகுத்துப் பாருங்கள். அது 4,046 ரூபாய். தொடர்வதா விடுவதா என்பதை இந்த எண்ணை வைத்து முடிவு செய்யலாம்.

வருடாந்தரக் கட்டணம் ஒரே இடத்தில் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். எதை வைத்து ஏற்றுவார்கள், அதற்கு உச்சவரம்பு உண்டா என்பதும் பத்திரத்தில்தான் இருக்கும்.

யார் பெயரில், யார் போனில்

கம்பெனிகள் பொதுவாக ஒரு முதன்மை மெம்பரையும் கூட ஒருவரையும் ஏற்கின்றன. கணவன் மனைவி இரண்டு பேரையும் போட்டு அந்த இடத்தை நிரப்பிவிடாதீர்கள். கூடப்பிறந்தவர்கள் பகிர்வதானால் முதன்மைப் பெயர் ஒரு வீட்டிலிருந்தும் கூட்டுப் பெயர் இன்னொரு வீட்டிலிருந்தும் இருக்கட்டும். மூன்றாவது வீட்டுக்காரர் நாமினி. கூட்டு மெம்பர் இரத்த உறவாக இருக்கலாமா என்று முன்கூட்டிக் கேட்டு, பதிலை இமெயிலில் வாங்கி வையுங்கள். விற்பனை ஆள் வாயால் சொல்வது போதாது.

பலர் கவனிக்காமல் விடுவது போன் நம்பர். புக்கிங், ரத்து, பணம் கட்டுதல் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. பதிவு செய்த ஒரே நம்பருக்குத்தான் வரும். அந்த நம்பர் கடலுக்குப் போகிற அண்ணனுடையது என்றால், புக்கிங் திறக்கிற காலையில் போட் சிக்னலுக்கு வெளியே இருக்கும், தங்கை வீட்டில் லேப்டாப் முன்னால் காத்திருப்பார், ரூம் போய்விடும். அப்பாவின் பழைய நம்பர் என்றால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுச் செயலிழந்திருக்கும். எப்போதும் கரையில் இருக்கும், தினமும் போன் பார்க்கும் ஒருவர் நம்பரைக் கொடுங்கள். இமெயில் மட்டும் இதற்கென்றே புதிதாக ஒன்று திறந்து, மூன்று வீட்டுக்கும் பாஸ்வேர்டு தெரியும்படி வையுங்கள். ரசீது, கட்டண நோட்டீஸ், விதிமாற்றம் எல்லாம் அங்கே வரட்டும்.

முறை வைப்பது

வடசென்னைக் குடும்பங்களில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். ஒருவர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழில், ஒருவர் கொருக்குப்பேட்டையில் டீச்சர், ஒருவர் மணலியில் ஷிப்ட் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகுக்காரர் நிம்மதியாக ஊர் போக முடிவது அப்போதுதான். டீச்சருக்கும் கோடை விடுமுறை அதே நேரம். ஷிப்ட்காரருக்கு லீவு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், ஆனால் அவர் பிள்ளைகளுக்கு மே மாதம்தான். மூன்று வீடும் ஒரே இரண்டு வாரத்துக்கு நிற்கும்.

“யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்ளட்டும்” என்று விட்டால் சத்தமாகக் கேட்பவருக்கே போகும். மூன்று வருஷச் சுற்று வையுங்கள். முதல் வருஷம் மூத்தவருக்கு முதல் தேர்வு, அடுத்தவருக்கு இரண்டாவது, இளையவருக்கு மூன்றாவது. அடுத்த வருஷம் ஒரு இடம் நகரும். ஏழு நாளையும் ஒரே வீடு எடுப்பதா, பிரித்துக்கொள்வதா என்பதை முதல் தேர்வுக்காரர் புக்கிங் திறப்பதற்கு 15 நாள் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் தேர்வு அடுத்தவருக்குப் போகும். இந்தக் கெடு இல்லாத முறை ஓடாது. முதல் ஆள் யோசித்து முடிப்பதற்குள் சீசன் ரூம் தீர்ந்துபோகும்.

முறையை விலைக்குக் கொடுக்கலாமா? வீட்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம். வெளியாளுக்கு ரூமை வாடகைக்கு விடுவதைப் பல ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. பிடிபட்டால் மெம்பர்ஷிப்பே நிறுத்தப்படலாம், அடி மூன்று வீட்டுக்கும் விழும்.

ரூம் கிடைத்த பிறகு வரிசையாகச் செய்ய வேண்டியவை உண்டு. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். ஊட்டிக்குச் சென்ட்ரலிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போகிறவர்கள் அந்த 60-ஆம் நாள் காலையிலேயே போட வேண்டும். காரில் போனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது வண்டி உள்ளே போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதி, பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மே 7-இல் இந்த ஏற்பாடு தொடங்கியது. 2025 கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். ரூம் உறுதியானதால் பாஸ் தானாக வராது. தங்கப் போகிறவர்களின் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கும்படி புக்கிங்கில் ஏற்றுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டால் ரிசப்ஷனில் நிறுத்துவார்கள்.

பணம்

28,320-ஐ மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 9,440. வருஷத்துக்கு ஒரு தரம் மொத்தமாகக் கேட்டால் யாராவது ஒருவர் கையில் அப்போது இருக்காது, முக்கியமாகத் தடைக்காலத்தில். மாதம் 800 ரூபாய் ஒவ்வொரு வீடும் போட்டால் வருஷத்துக்கு 28,800 சேரும். கட்டணம் போக 480 மிச்சம். இதற்கென்று தனியாக ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்கு வையுங்கள். ஒருவரின் சொந்தக் கணக்கில் போட்டு வைத்தால் அவர் வீட்டு அவசரத்துக்கு அது செலவாகும், குற்றம் சொல்லவும் முடியாது.

ஏலச்சீட்டில் முதலிலேயே எடுத்தவர் மீதித் தவணையைக் கட்டாமல் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதே ஆபத்து. இந்த மே மாதம் போய் வந்தவர் அடுத்த வருஷப் பங்கைக் கட்டாவிட்டால் கம்பெனி மூன்று பேருக்கும் சேர்த்துப் புக்கிங்கை முடக்கும், பாக்கிக்கு வட்டியும் போடலாம். எனவே விதி கறாராக இருக்கட்டும். கெடு தேதிக்குள் கட்டாதவரின் அந்த வருஷ முறை, அவருக்காகக் கட்டியவருக்குப் போகும். தொடர்ந்து இரண்டு வருஷம் கட்டாவிட்டால் அவர் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கிக்கொள்ள என்ன விலை? அதையும் இப்போதே எழுதுங்கள். எளிய வழி: வாங்கிய விலையை மீதி வருஷங்களால் பெருக்கி மொத்த வருஷங்களால் வகுத்து, அதில் விலகுகிறவரின் பங்கில் பாதி. 4,50,000 ரூபாய் மெம்பர்ஷிப்பில் 15 வருஷம் மீதி என்றால் 2,70,000. மூன்றில் ஒரு பங்கு 90,000. அதில் பாதி 45,000. பாதியாகக் குறைப்பது அநியாயம் என்று விலகுகிறவர் சொல்வார். ஆனால் வெளியே இதை வாங்க ஆள் கிடைப்பது அரிது, கம்பெனியும் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. இருக்கிறவர்கள் அவர் பங்குக் கட்டணத்தையும் சேர்த்துச் சுமக்கப் போகிறார்கள். பாதி நியாயம்தான்.

குடும்ப ஒப்பந்தம்

தங்கும் உரிமை மட்டும் என்பதால் பதிவு அலுவலகம் போகத் தேவையில்லை. முத்திரைத்தாளில் எழுதி, மூன்று பேரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வைத்து, பாரிமுனையில் ஐகோர்ட் பக்கம் இருக்கும் நோட்டரி ஒருவரிடம் சான்று வாங்கினால் போதும். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதும் பழைய வழக்கத்தை விடுங்கள். சாதாரண ஒப்பந்தத்துக்குத் தமிழ்நாட்டில் 2024 மே முதல் முத்திரைக் கட்டணம் 200 ரூபாய்.

முதல் பத்தி இப்படி இருக்கலாம்: “கம்பெனியின் பதிவில் எங்களில் முதலாமவர் பெயர் முதன்மை உறுப்பினராக இருந்தாலும், இந்த உறுப்பினர் உரிமைக்கான தொகையை நாங்கள் மூவரும் சமமாகச் செலுத்தியுள்ளோம். தங்கும் நாட்கள், கட்டணம், உரிமையை விட்டால் வரும் தொகை மூன்றிலும் எங்களுக்குச் சம பங்கு உண்டு. முதலாமவர் மற்ற இருவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இந்த உரிமையை மாற்றவோ, ஒப்படைக்கவோ, உயர்ந்த திட்டத்துக்கு மாறவோ கூடாது.” கடைசிச் சொற்களை விட்டுவிடாதீர்கள். ரிசார்ட்டுக்குப் போன இடத்தில் காலை டிபனுக்குப் பிறகு உட்காரவைத்துப் பேசி, இன்னும் இரண்டு லட்சத்துக்குப் பெரிய திட்டம் தலையில் கட்டுவது நடக்கிற விஷயம்.

பணம் செலுத்திய வங்கி விவரம், சுற்று முறை, கெடு தேதி, விலகும் கணக்கு, சேதம் ஆனால் தங்கியவரே கட்டுவது ஆகியவை அடுத்தடுத்த பத்திகள். அசல் ஒன்று, நகல் இரண்டு. மெம்பர்ஷிப் சான்றிதழின் நகலும் அதோடு சேரட்டும்.

மெம்பர் இறந்துபோனால்

நாமினிக்குத்தான் சொத்து என்று பலர் நம்புகிறார்கள். நாமினி பெற்றுக் கொடுக்கிறவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுடையது. அப்பா பெயரில் இருந்தால், உயில் இல்லாத இந்துக் குடும்பத்தில் அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும், சம பங்கு. கல்யாணமான மகளுக்கும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பத்தில் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பத்தில் ஷரியத் கணக்கு.

இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், யார் பெயருக்கு மாற்றுகிறோமோ அவர் தவிர மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம், ஆதார், பான் இவற்றோடு கம்பெனிக்கு எழுதுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். பெயர் மாறாத மாதங்களிலும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் வேண்டாம் என்றால் அதையும் எழுத்தில் ஒப்படைத்து, நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்க வேண்டும். சும்மா கட்டாமல் விட்டால் முடிந்ததாக ஆகாது.

போன் வரும், புகாரும் போடலாம்

விற்கலாம் என்று எங்காவது விளம்பரம் கொடுத்தால் “ஆள் தயார், நல்ல விலை, முதலில் பிராசசிங் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் மட்டும் கட்டுங்கள்” என்று போன் வரும். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உண்மையில் வாங்குகிறவர் உங்களோடு வந்து கம்பெனியின் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார், கட்டணமும் கம்பெனி கணக்குக்கே போகும்.

கம்பெனி சொன்ன ரூமைத் தராமல் அலைக்கழித்தால், முதலில் இமெயிலில் தேதியோடு புகார், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்தில் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்கள் மும்பை வரை போக வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மெம்பரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துகிறவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. அதனால் பத்திரத்தில் பெயர் இல்லாத தங்கையும், தன் பெயரில் ரூம் புக் ஆன ரசீதும் குடும்ப ஒப்பந்தமும் கையில் இருந்தால், தானே புகார் கொடுக்கலாம்.