அந்தக் கதையை எழுதியது யார்? பழைய சிறுவர் மாயக்கதைகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சின்ன வயசுல படிச்ச கதை. ஒரு தீவு, ஒரு மந்திரவாதி, மூணு அண்ணன் தம்பி. தலைப்பு ஞாபகம் இல்ல, ஆனா அட்டை நீல நிறம்." பழைய சிறுவர் கதைகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். இருபது வருடமாகத் தேடியதில் சில கதைகள் கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் நான் தேடிய விதம்தான். அதனால் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் தவறு, நினைவில் இருக்கும் தலைப்பை நம்புவது. எட்டு வயதில் நாம் கதையைப் படித்தோம், தலைப்பைப் படிக்கவில்லை. நமக்கு ஞாபகம் இருப்பது பெரும்பாலும் ஒரு அத்தியாயத்தின் பெயர், அல்லது நாமே வைத்துக்கொண்ட பெயர். தலைப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதை எழுதிப் பாருங்கள். படம் எப்படி இருந்தது, ஒரே வண்ணமா பல வண்ணமா? கதை முடியும்போது 'தொடரும்' என்று இருந்ததா? கையில் பிடித்தது புத்தகமா, இதழா? அதை யார் வீட்டில், எந்த வகுப்பில் படித்தீர்கள்? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் வருடத்தைக் குறுக்கித் தருவது அதுதான். வருடம் தெரிந்தால் அப்போது வந்துகொண்டிருந்த இதழ்கள் எவை என்று பார்த்துவிடலாம். கண்ணன் 1950-ல் தொடங்கி 1972 வரை வந்தது. கோகுலம் தொடங்கியது 1972-ல். பூந்தளிர் 1980-களில் வந்தது. 1965-ல் ஐந்தாம் வகுப்பு படித்தவர் அந்த வயதில் கோகுலத்தில் படித்திருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: "அதெல்லாம் பாட்டி கதை, எழுதினவர்னு யாரும் கிடையாது" என்று விட்டுவிடுவது.

அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் 'அம்புலிமாமா' என்றும் சென்னையிலிருந்து தொடங்கிய இதழ். அதில் வந்த மாயத் தொடர்களைப் படித்து வளர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். அந்தத் தொடர்களை எழுதியவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததற்குக் காரணம், இதழில் அவர் பெயரே போடவில்லை. படத்தின் மூலையில் 'சித்ரா' என்றோ 'சங்கர்' என்றோ ஓவியரின் கையெழுத்து இருக்கும். கதைக்கு மேலேயும் கீழேயும் எழுதியவர் பெயர் இருக்காது.

எழுதியவர் தாசரி சுப்ரமணியம். 1932-ல் பிறந்தவர். 1952-ல் அந்த இதழின் ஆசிரியர் குழுவில் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே வேலை பார்த்தார். 1954-ல் 'தோகசுக்க', அதாவது வால் நட்சத்திரம், என்ற தொடரில் ஆரம்பித்து 1978-ல் தொடங்கிய 'பல்லூக மாந்திரிகுடு' வரை பன்னிரண்டு தொடர்கள் தெலுங்கில் எழுதினார். நடுவில் மூன்று மந்திரவாதிகளின் கதை, வெண்கலக் கோட்டை, எரியும் தீவு, ராட்சசப் பள்ளத்தாக்கு, கல் தேர், மாய ஏரி என்று ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம். அவை பல மொழிகளுக்குப் போயின, தமிழில் அம்புலிமாமாவில் வந்தன. அவர் 2010 ஜனவரியில் காலமானார். கடைசிக் காலத்தில்தான் தெலுங்கு வாசகர்கள் அவரைத் தேடிப் போய்ப் பேசினார்கள், தொடர்களைப் புத்தகமாகவும் கொண்டு வந்தார்கள். தமிழில் அதே கதைகளைப் படித்த நாம் அவர் பெயரைக் கேள்விப்படவே இல்லை.

வேதாளக் கதைகளும் இப்படித்தான். பழைய சமஸ்கிருத மூலத்தில் இருப்பவை இருபத்தைந்து. அம்புலிமாமாவில் விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது பல நூறு மாதங்கள். அந்த இருபத்தைந்து தீர்ந்த பிறகு வந்த கதைகளில் பல ஆசிரியர் குழுவினர் உட்கார்ந்து புதிதாக யோசித்து எழுதியவை. 1952 முதல் 1980 வரை இதழை நடத்திய கொடவட்டிகண்டி குடும்பராவ் தெலுங்கின் பெரிய எழுத்தாளர். மரபுக் கதை மாதிரி எழுதுவது அவர்களுடைய தொழில் திறமை. அதை நாம் மரபுக் கதை என்றே நினைத்துவிட்டோம்.

ஆகவே, பெயர் இல்லாத கதை கிடைத்தால் ஓவியரைப் பிடியுங்கள். சங்கர் என்பது கே.சி. சிவசங்கரன், 2020-ல் காலமானார். வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளோடு நடக்கும் அந்த விக்கிரமன் படம் அவருடையது. ஓவியர் எந்த ஆண்டுகளில் எங்கே வரைந்தார் என்று தெரிந்தால் கதையின் காலமும் இடமும் பிடிபடும். அங்கிருந்து எழுத்தாளரை நோக்கிப் போகலாம்.

பெயர் இருக்கும் இடத்தில் வேறு மாதிரி சிக்கல். ஒரே பெயரோடு தேடலை நிறுத்திவிடுகிறோம். சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவின் இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்துக்காரர், 1925-ல் பிறந்து 2014-ல் மறைந்தார். பெரியவர்களுக்கு எழுதும்போது அவர் கௌசிகன். நூலக அட்டவணையில் இந்த மூன்று பெயரிலும் தேட வேண்டும். 'வாண்டு மாமா' என்று இடைவெளி விட்டும் தேட வேண்டும், கணினிக்கு அது வேறு பெயர். கண்ணன் இதழின் ஆசிரியர் ஆர்வி 'காலக்கப்பல்' என்று ஒரு அருமையான கதை எழுதினார். அவருடைய முழுப்பெயர் ஆர். வெங்கட்ராமன். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் முன்னாள் குடியரசுத் தலைவர்தான் வரிசையாக வருவார். 'ஆர்வி', 'ஆர்.வி.', 'காலக் கப்பல்', 'காலக்கப்பல்' என்று எல்லா வகையிலும் போட்டுப் பாருங்கள். ஒற்று மிகுந்தும் மிகாமலும், பிரித்தும் சேர்த்தும் தேடுவது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குக் கிடைத்தவற்றில் பாதி அப்படிக் கிடைத்ததுதான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பூந்தளிரில் வந்த எல்லாமே வாண்டுமாமா எழுதியது என்று பலர் சொல்கிறார்கள். அவர் அதன் ஆசிரியர், நிறைய எழுதினார், சரி. ஆனால் அதில் வந்த படக்கதைப் பாத்திரங்களான கபீஷும் சுப்பாண்டியும் அவர் படைத்தவர்கள் இல்லை. ஆசிரியர் மேல் உள்ள பிரியத்தில் மற்றவர் உழைப்பை அவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அப்புறம், புத்தகமாக மட்டும் தேடுவது. சிறுவர் தொடர்களில் ஏராளமானவை புத்தகமாகவே வரவில்லை. இதழோடு வந்தது, இதழோடு போனது. மிச்சம் இருப்பது, வீட்டில் யாரோ பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்தது மட்டும்தான். பழைய புத்தகக் கடையில் முதுகில் பெயரே இல்லாத காலிகோ (துணி அட்டை) பைண்டு கிடந்தால் கையில் எடுக்காமல் போகாதீர்கள்.

அப்படி ஒன்றை நான் முதல் தடவை பார்த்தபோது வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுவாரம் போனபோது நல்லவேளை அங்கேயே இருந்தது. தலைப்புப் பக்கம் இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை. ஆனால் பக்க எண்களைப் பார்த்தால் 33-லிருந்து 36, அடுத்து 29-லிருந்து 32, அடுத்து மறுபடி 33. தொடர்கதை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. சில தாள்களின் பின்பக்கத்தில் வேறு கதையின் வால் இருந்தது, அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். பைண்டர் ஓரத்தை வெட்டியதில் பக்க அடியில் இருந்த இதழ் பெயர் போய்விட்டது. ஒரே ஒரு தாள் மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைக்கப்பட்டிருந்ததால் தப்பியிருந்தது. அதில் 'ணன்' என்று இருந்தது. கண்ணன்! ஒட்டிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பின்னால் பொங்கல் வாழ்த்து ஒன்று மங்கலாகத் தெரிந்தது. ஆக அது ஜனவரி இதழ். இப்படித்தான் ஒரு பைண்டைப் படிக்க வேண்டும், கதையைப் படிப்பதற்கு முன்னால்.

இதழ் பெயரும் மாதமும் கிடைத்த பிறகு எங்கே போவது? பலர் இணையத்தில் தேடிவிட்டு "எங்கேயும் இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994-ல் உருவானது. கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும், கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும். எல்லாப் பதிப்பகத்தாரும் ஒழுங்காக அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தமிழ்ப் புத்தகத்தைக் கொல்கத்தாவில் தேடலாம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. புதுக்கோட்டையில் ஞானாலயா, ஒரு தம்பதி தங்கள் உழைப்பில் சேர்த்த நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு. இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் திட்டத்தின் இணையதளம். நூலகரிடம் "பழைய மாயக்கதை வேணும்" என்று கேட்டால் பாவம் அவர் என்ன செய்வார்? "கண்ணன், இன்ன வருடம், ஜனவரி" என்று கேளுங்கள்.

மறுபதிப்பு கிடைத்ததும் தேடலை முடித்துக்கொள்வதையும் தவிர்க்கச் சொல்வேன். படம் இல்லாமல், அத்தியாயங்களைச் சேர்த்து, சில இடம் சுருக்கி வந்த மறுபதிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். சிறுவர் கதையில் படம் என்பது அலங்காரம் அல்ல. மந்திரவாதியின் குகைக்கு எத்தனை வாசல் என்று எழுத்தாளர் சொல்லாமல் விட்டதை ஓவியர் சொல்லியிருப்பார். மறுபதிப்பை வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள், வாங்கினால்தான் அடுத்தது வரும். பழைய பதிப்பையும் தேடிக்கொண்டே இருங்கள்.

விலை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 'அரியது' என்று சொன்னவுடன் பணத்தை அனுப்பாதீர்கள். முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் தையல் இருக்கும் இடம், இந்த மூன்றின் படத்தைக் கேளுங்கள். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்கள்தான் அதிகம், அதுதான் முதலில் கிழிகிறது.

கிடைத்ததை உடனே ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்பினால் செய்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த பிறகு அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. வாண்டுமாமாவின் எழுத்துக்கு 2074 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. உங்களுக்காக ஸ்கேன் செய்து பத்திரமாக வையுங்கள், குடும்பத்தையோ பதிப்பகத்தையோ தேடிக் கேளுங்கள். "இந்தக் கதையின் முழுப் பிரதி என்னிடம் இருக்கிறது, மறுபடி போடுவீர்களா?" என்ற ஒரு கடிதத்துக்குப் பலன் உண்டு, ஏனென்றால் பல பதிப்பகங்களிடமே தங்கள் பழைய புத்தகத்தின் பிரதி இல்லை. அதே சமயம், இணையத்தில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் சந்தமாமா நிறுவனத்தின் இணையதளத்திலேயே 1947 முதலான இதழ்கள் இருந்தன. அந்த இணையதளம் இப்போது இல்லை.

கடைசியாக, கைக்கு வந்த புத்தகத்தைக் கெடுத்துவிடாதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் அது பழுப்பேறி எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பழைய பைண்டைப் பிரித்துப் புதிதாகப் போடக் கொடுத்தால் பைண்டர் மறுபடி ஓரத்தை வெட்டுவார், என் 'ணன்' மாதிரி மிச்சமிருப்பதும் போய்விடும்.

அந்த பைண்டின் உள் அட்டையில் நீல மையில் ஒரு பையனின் பெயரும் 'ஏழாம் வகுப்பு' என்பதும் இருக்கிறது. அதன் கீழே, அதே கையெழுத்தில், '12-வது அத்தியாயம் கிடைக்கவில்லை. மாமாவிடம் கேட்க வேண்டும்.' அந்த ஒரு இதழ் எனக்கும் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் 'கண்ணன்' கட்டு ஏதாவது இருந்தால், பிரிக்கும் முன் ஒவ்வொன்றின் மாதத்தையும் வருடத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.